நெறி கட்டினா ஊசி குத்திப் பாத்தது காணாது: சுகாதாரப் பக்கக் கட்டுரைக்கு ஒரு பதில்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கட சுகாதாரப் பக்கத்தில கிட்டடியில வந்த காசில்மன் வருத்தம் பற்றின கட்டுரையை வாசிச்சிட்டுத்தான் இதை எழுதுறன். இப்பிடி அபூர்வமான ஒரு நிணநீர்க்கணு வருத்தத்தைப் பற்றி தமிழ்ப் பேப்பரில அரைப் பக்கம் வாறதே பெரிய விசயம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா பக்கத்தில உதடு முழுக்க கொப்புளம் போட்ட ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ட படத்தைப் போட்டு, கீழ பெட்டி கட்டி "ஹெர்பிஸ் வைரசால் வரும் தொற்றுநோய், நெருங்கிப் பழகாதீர்கள்" எண்டு எழுதி விட்டீங்களே, அதால இஞ்ச வெள்ளவத்தையில எங்கட தொடர்மாடியில என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியாது. மேல் மாடியில இருக்கிற ஒரு பெடியனுக்கு இந்த வருத்தம்தான். மருந்து ஏத்திக்கொண்டு ஒழுங்கா வேலைக்கும் போய் வாறான், அவனுக்கு இருக்கிறது வைரஸே இல்லாத வகை, றிப்போட்டில தெளிவா எழுதியிருக்கு. பேப்பர் வந்த அண்டு பின்னேரமே யாரோ அந்தப் பெட்டியைப் படம் எடுத்து தொடர்மாடி வாட்ஸ்அப் குறூப்பில போட்டு, அவனோட ஒரே லிப்ட்ல ஏறலாமோ எண்டு கேள்வி, அதுக்குக் கீழ ரெண்டு பக்கத்துக்கு ஆளாளுக்கு வைத்தியம். தாய் மனுசி ரெண்டு நாளா கதவே திறக்கேல்ல.

நான் டொக்டர் இல்ல, முதல்லயே சொல்லிப்போடுறன். கனகாலம் பதோலொஜி லாப்ல வேலை செய்து பென்சன் எடுத்தவள். வெட்டி எடுத்த நெறியை, அதாவது நிணநீர்க்கணுவை, போர்மலினில இருந்து எடுத்து, மெழுகுக் கட்டியில பதிச்சு, மூண்டு நாலு மைக்ரோன் தடிப்பில சீவி, கண்ணாடியில ஒட்டி சாயம் போட்டுக் குடுக்கிறது எங்கட வேலை, மைக்ரோஸ்கோப்பில பாத்து றிப்போட் எழுதுறது டொக்டர்மாரின்ட வேலை. அதால நான் சொல்லுறது முக்கால்வாசி அந்த மேசைப் பக்கத்துக் கதை.

கட்டுரையில விட்ட முதல் விசயம், காசில்மன் எண்டுறது ஒரு வருத்தம் இல்ல, ஒரே பேருக்குள்ள ரெண்டு மூண்டு வருத்தம். பென்ஜமின் காசில்மன் எண்டுறவர் பொஸ்டனில மசாச்சூசெட்ஸ் ஜெனரல் ஹொஸ்பிட்டலில பதோலொஜிஸ்டா இருந்தவர், 1954ல முதல் கேசை எழுதி, 1956ல 13 பேரின்ட விபரத்தை ஒண்டாச் சேர்த்துப் போட்டார். அந்த ஆக்களுக்கு நெஞ்சுக்கூட்டுக்குள்ள ஒரே இடத்தில ஒரு நெறி பெரிசா வளர்ந்திருந்தது, பாத்தா தைமஸ் கட்டி போல, வெட்டிப் பாத்தா கான்சர் இல்ல. இப்பிடி ஒரு இடத்தில மட்டும் வாறதை ஒப்பரேசன் செய்து முழுசா எடுத்தா அனேகமா அதோட சரி. மற்றது உடம்பில கன இடத்தில ஒரே நேரத்தில நெறி வீங்கி, காய்ச்சல், இரவில உடுப்பு நனையிற அளவு வேர்வை, மெலிவு, மண்ணீரல் வீக்கம், இரத்தம் குறையிறது எண்டு ஆளையே விழுத்துற வகை. இந்த ரெண்டாவது வகையிலதான் வைரஸ் கதை வருது, அதிலயும் எல்லாருக்கும் இல்ல. ஒரு பங்கு ஆக்களுக்கு வைரஸ், ஒரு பங்கு ஆக்களுக்கு நரம்பையும் தோலையும் பிடிக்கிற போயெம்ஸ் எண்ட இன்னொரு வருத்தத்தோட சேர்ந்து வரும், மிச்சப் பேருக்கு ஏன் வருது எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட மேல்மாடிப் பெடியன் இந்தக் கடைசி கூட்டம்.

இப்ப வைரசுக்கு வருவம். மனிசரைப் பிடிக்கிற ஹெர்பிஸ் குடும்பத்தில எட்டு நம்பர் இருக்கு. ஒண்டும் ரெண்டும்தான் நீங்க படத்தில போட்ட கொப்புளக்காரர். மூண்டாவது கொப்பளிப்பான், எங்கட வீடுகளில அம்மாள் வருத்தம் எண்டு வேப்பிலை கட்டித் தனிய படுக்க விடுறது அதுதான். நாலாவது எப்ஸ்டீன்-பார், 1964ல உகண்டாப் பிள்ளைகளின்ட தாடைக் கட்டியில இருந்து லண்டனில கண்டுபிடிச்சது, வளர்ந்த ஆக்களில நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல அதை உடம்பில காவிக்கொண்டுதான் திரியிறம், நானும் நீங்களும் சேர்த்துத்தான் சொல்லுறன். ஏ எல் படிக்கிற பிள்ளைகளுக்கு தொண்டை நோவும் கழுத்தில நெறியும் காய்ச்சலும் வந்து, அமொக்சிசிலின் குடுத்த உடன மேலெல்லாம் சிவந்து தடிக்கும், பெத்தவை மருந்து ஒத்துக்கொள்ளேல்ல எண்டு டொக்டரோட சண்டைக்குப் போவினம், அனேகமா அது இந்த நாலாவது ஆளின்ட வேலை. அஞ்சு ஆறு ஏழை விடுவம். எட்டாவதுதான் எங்களுக்கு வேண்டியவர், எச்எச்வி-8.

இந்த எட்டாவதை 1994ல நியூயோர்க்கில யுவான் சாங், பற்றிக் மூர் எண்ட ரெண்டு பேர், கணவன் மனைவி, எய்ட்ஸ் நோயாளி ஒருத்தரின்ட கபோசி சார்க்கோமாவில இருந்து பிடிச்சவை. கபோசி எண்டுறவர் வியன்னாவில அந்தத் தோல் கட்டியை எழுதினது 1872ல, காரணம் கிடைக்க நூற்றிருபது வருசத்துக்கு மேல போச்சுது. ஆனா அதுக்குப் பிறகு வேகம், அடுத்த வருசமே 1995ல பிரான்சில இதே வைரசை காசில்மன் நெறிகளுக்குள்ளயும் கண்டிட்டினம்.

அது எங்க போய் இருக்குது எண்டதுதான் ருசியான பகுதி, உங்கட கட்டுரையில அதைத்தான் ஒரே வரியில முடிச்சிட்டீங்க. காசில்மனில அது தோலில இல்ல, உதட்டில இல்ல, வெண்குழியத்துக்குள்ள இருக்குது. வெண்குழியத்திலயும் பி செல் எண்டு ஒரு சாதி, பிறபொருளெதிரி செய்யுற ஆக்கள், ஓ எல் சயன்ஸ் படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். வைரஸ் அந்த பி செல்லுக்குள்ள போய் தன்ர டிஎன்ஏயை ஒரு வளையமாச் சுருட்டி, லானா எண்ட ஒரு புரதத்தால எங்கட குரோமோசோமோடயே கொழுவிக்கொண்டு பேசாம இருக்கும். செல் ரெண்டாப் பிரிஞ்சா அதுவும் கூடவே ரெண்டு பக்கமும் போகும். நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள ஆளுக்குள்ள ஆயுசு முழுக்க அப்பிடியே கிடந்து ஒரு கரைச்சலும் குடுக்காமல் போயிடலாம், கனபேருக்கு அப்பிடித்தான். சில பேருக்கு, முக்கியமா எச்ஐவியால எதிர்ப்புச் சக்தி விழுந்த ஆக்களுக்கு, அது எழும்பும். எழும்பினா நெறிக்குள்ள இருக்கிற அந்த பி செல்கள் பருத்து, பிளாஸ்மாபிளாஸ்ட் எண்ட ஒரு அரைகுறை வளர்த்தியில நிண்டுகொண்டு, இன்டர்லூகின் 6 எண்ட சாமானை அள்ளி ஊத்தும்.

இன்டர்லூகின் 6 ஜப்பான்காரரின்ட கண்டுபிடிப்பு, 1986ல ஒசாகாவில கிஷிமோட்டோவும் ஹிரானோவும். உடம்புக்கு வேண்டிய சாமான்தான், கிருமி வந்தா காய்ச்சலைக் கிளப்பி ஈரலுக்கு வேலை ஏவுறது அது. அதின்ட அளவு கூடினா ஈரல் சிஆர்பி எண்ட அழற்சிப் புரதத்தை உற்பத்தி செய்து தள்ளும், அல்புமினைக் குறைக்கும், இரும்பு இரத்தத்துக்கு வராமல் மறிக்கும், பி செல்லுகள் இன்னும் பெருகும், நெறி இன்னும் வீங்கும். இதில என்னண்டா இந்த வைரஸ் எங்கட உடம்பின்ட இன்டர்லூகின் 6ஐ மட்டும் கூட்டேல்ல, எப்பவோ ஒரு காலத்தில அந்த ஜீனையே களவெடுத்து தன்ர டிஎன்ஏயில வைச்சிருக்குது, அதால தானாவும் ஒரு போலி இன்டர்லூகின் 6 செய்யும். 1996ல இதைக் கண்டுபிடிச்ச நேரம் நாங்க லாப்ல வாயைப் பிளந்தனாங்க. அந்தப் போலி அசலை விடக் கெட்டிக்காரன், அசலுக்கு செல்லுக்குள்ள தகவல் போக செல்லின்ட மேல இருக்கிற ரெண்டு வாங்கி (ரிசெப்டர்) வேணும், போலி ஒண்டிலயே நேரப் போய்க் கொழுவும். இதை ஏன் இவ்வளவு நீட்டுறன் எண்டா, மருந்து குடுக்கிற இடத்தில இந்த அசல்-போலிக் கதை உயிர்ப் பிரச்சினை, பிறகு வாறன்.

பரவுறது கூடுதலா எச்சிலாலதான். ஆபிரிக்காவில சகாராவுக்குத் தெற்கால கனபேருக்குச் சின்ன வயசிலயே வந்திடும், இத்தாலியில சிசிலி, சார்டினியா பக்கமும் இருக்குது, ஆசியாவின்ட அனேக இடங்களில குறைவு. லிப்ட்ல ஏறினா, பக்கத்துக் கதிரையில இருந்தா, ஒருத்தருக்கும் வராது. அதோட வைரஸ் இருக்கிறது வேற, காசில்மன் வருத்தம் வாறது வேற, வைரஸ் இருக்கிற ஆக்களில மிச்சம் சின்ன ஒரு தொகைக்குத்தான் வருத்தமா மாறுது.

சரி, கொழும்பில இந்த வருத்தம் வந்த ஒரு ஆள் என்ன பாதையால போவார் எண்டு பாருங்கோ. முதல் காய்ச்சலுக்கு பனடோல். மூண்டு நாள் விடாட்டி டெங்கு எண்டு எப்பிசி, அதாவது இரத்த எண்ணிக்கை டெஸ்ட், எடுப்பினம், அது சரியான வேலைதான், மழைக்காலத்தில இஞ்ச வேற என்னத்தை நினைக்கிறது. எப்பிசியில பிளேட்லெட் குறைஞ்சிருக்கலாம், ஏனெண்டா காசில்மனிலயும் சில பேருக்கு பிளேட்லெட் விழும். உடன வாட்டில போட்டு தண்ணிக் கணக்கு எழுதி, அஞ்சாறு நாளில காய்ச்சல் கொஞ்சம் தணிய வீட்ட விடுவினம். பிறகு திரும்பவும் வரும். இந்த வருத்தத்தின்ட குணமே அதுதான், அலை அலையா வந்து போகும், போன நேரம் சுகம் வந்திட்டுது எண்டு ஆளும் நம்பும் டொக்டரும் நம்புவார். அடுத்த முறை வேற ஒரு டொக்டரைச் சனல் பண்ணுவினம், அவருக்கு முதல் கதை தெரியாது. அழற்சியைக் காட்டுற ஈஎஸ்ஆர் டெஸ்ட் நூறைத் தாண்டி நிக்கும், கழுத்தில நெறி இருக்கும், மெலிஞ்சு போயிருக்கும், இரவில வேர்க்கும். இந்த நாலையும் கேட்டா எங்கட நாட்டில எந்த டொக்டரும் சொல்லுறது டிபி. அதில பிழை சொல்ல ஏலாது, நெறியில வாற டிபி இஞ்ச காசில்மனை விட எவ்வளவோ மடங்கு கூட, கனதரம் அவை சொல்லுறது சரியாயும் இருக்கும். பிழை எங்கயெண்டா, நெறிக்குள்ள ஊசியைக் குத்தி ரெண்டு துளி உறிஞ்சிப் பாத்திட்டு, டிபிக் கிருமியும் காணேல்ல, கான்சர் செல்லும் காணேல்ல, "ரியாக்டிவ்", அதாவது வேற ஏதோ தூண்டலால வீங்கினது, எண்டு றிப்போட் வந்தா, சும்மா இருக்கட்டும் எண்டு ஆறு மாத டிபி மாத்திரையைத் தொடங்கிறதில இருக்குது. மூத்திரம் செம்மஞ்சளாப் போகப் போக ஆளும் மருந்து வேலை செய்யுது எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கும், அந்த நிறம் மருந்தின்ட நிறம், சுகத்தின்ட நிறம் இல்ல. நெறி டிபி மருந்து போடேக்கயும் கொஞ்ச நாளைக்கு வீங்கலாம், அது உண்மைதான், அதைச் சொல்லிச் சொல்லியே இன்னும் ரெண்டு மாதம் போயிடும்.

ஊசி குத்தின சாம்பிளில காசில்மனை ஏன் பிடிக்க ஏலாது எண்டு நான் சொல்ல ஏலும், என்ர கையால எத்தினையோ ஸ்லைட் போட்டிருக்கிறன். ஊசியால வாறது உதிரிச் செல்லுகள். அதுகளைத் தனித்தனியாப் பாத்தா காசில்மனில ஒண்டும் வித்தியாசம் தெரியாது, எல்லாம் சாதாரண வெண்குழியம் போலத்தான். வித்தியாசம் இருக்கிறது அதுகள் அடுக்கியிருக்கிற விதத்தில. முழு நெறியையும் குறுக்கால சீவி, ஊதாவும் ரோசும் சாயம் போட்டுப் பாத்தா, நடுவில வட்டமா இருக்க வேண்டிய இடம் சுருங்கிப்போய், அதைச் சுத்தி செல்லுகள் வரிசை வரிசையா வெங்காயத்தை வெட்டினாப்போல நிக்கும், ஒரு இரத்தக்குழாய் நேர நடுவுக்குள்ள குத்திக்கொண்டு போகும். அதை ஒருக்காப் பாத்த பதோலொஜிஸ்ட் பிறகு விடமாட்டார். அந்த வளையத்துக்குள்ளதான் வைரஸ் பிடிச்ச பிளாஸ்மாபிளாஸ்ட் ஒண்டு ரெண்டா ஒளிச்சிருக்கும், லானாவுக்கு எண்டு இருக்கிற ஸ்டெயினைப் போட்டா அதுகளின்ட கருவுக்குள்ள மண்ணிறப் புள்ளி புள்ளியா எழும்பி வரும். ஸ்டெயின் போடாட்டி கண்ணுக்கு அம்பிடாது. கேக்காமல் ஒருத்தரும் போடவும் மாட்டினம், ஏனெண்டா அது வழமையாப் போடுற சாயம் இல்ல.

இப்ப போத்தில் கதை. பிரைவேட்டில சின்ன ஒப்பரேசன் செய்து நெறியை எடுத்தா, கனதரம் போத்திலை வீட்டு ஆக்களின்ட கையில குடுத்து இன்ன லாப்ல குடுங்கோ எண்டு விடுவினம். சொப்பிங் பாக்கில சுத்தி, திரீவீலில மடியில வைச்சுக்கொண்டு மச்சானோ தம்பியோ கொண்டு வந்து கவுண்டரில நிப்பார். நாங்க முதல்ல பாக்கிறது உள்ள இருக்கிறது போர்மலினோ சேலைனோ எண்டு. வெறும் சேலைனுக்குள்ள போட்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்து, திங்கக்கிழமை காலம வந்தா உள்ள நெறி அழுகிப்போயிருக்கும், சாயமே பிடிக்காது, திரும்ப வெட்டுறதுக்கு ஆளிட்ட இன்னொரு நெறி வேணும். மறுபக்கம், முழுசையும் போர்மலினுக்குள்ள போட்டா எங்களுக்குச் சந்தோசம், ஆனா டிபிக் கிருமி வளர்த்துப் பாக்க ஏலாது, போர்மலின் கிருமியையும் கொண்டு போடும். அதால நெறியை எடுத்த உடன ரெண்டாப் பிரிச்சு, பெரிய துண்டு போர்மலினுக்கும் சின்னத் துண்டு கிருமி இல்லாத சேலைனுக்கும் போக வேணும், ரெண்டு போத்தில், ரெண்டிலயும் பேர் ஒட்டி, ரெண்டு லாபுக்கு. டிபியோ காசில்மனோ லிம்போமா எண்ட நெறிக் கான்சரோ எண்டு ஒரே ஒப்பரேசனில மூண்டையும் பாக்க அதுதான் வழி. இதை ஒப்பரேசனுக்கு முதல் நாள் சேர்ஜனிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைக்கிறதில ஒரு வெக்கமும் இல்ல. ஒருக்கா ஒரு தகப்பன் போத்தில் ரெண்டையும் கொண்டு வந்து, எதுக்குள்ள எதைப் போட்டது எண்டு தெரியாமல் கவுண்டரிலயே அழுதவர், மேல பேரே எழுதேல்ல. அவருக்கு ஏசி என்ன பிரயோசனம், குடுத்து விட்ட ஆக்களுக்கெல்லோ ஏச வேணும்.

எந்த நெறியை எடுக்கிறது எண்டதும் ஒரு விசயம். கவட்டுக்குள்ள இருக்கிறது சின்னக் காயத்துக்கும் வீங்கிற நெறி, அதை எடுத்தா அனேகமா ஒண்டும் சொல்லாது. கழுத்தில, கமக்கட்டில இருக்கிற பெரிய நெறி நல்லது. அதோட நெறியை எடுக்க முந்தி பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டீரோயிட் மாத்திரை தொடங்கிப் போடாதேங்கோ. ஆளுக்குக் காய்ச்சல் போய் பசி எடுக்கும், வீட்டில சந்தோசம், நெறியும் சுருங்கும், பிறகு வெட்டிப் பாத்தா லிம்போமாவா இருந்தாலும் அடையாளம் கலைஞ்சிருக்கும்.

வைரஸ் இருக்கோ இல்லையோ எண்டு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது எண்டு சிலர் கேப்பினம். அதுக்குத்தான் முந்திச் சொன்ன அசல்-போலிக் கதை. வைரஸ் இல்லாத வகைக்கு முதல்ல தெரிவு செய்யுற மருந்து எங்கட இன்டர்லூகின் 6ஐப் பிடிச்சுக் கட்டுற சில்டுக்சிமாப், 2014ல அமெரிக்காவில அனுமதி குடுத்தது, அதுக்கு முந்தி 2005லயே ஜப்பானில டொசிலிசுமாப் எண்டு அந்த வாங்கியை அடைக்கிற மருந்தை காசில்மனுக்கு எண்டே அனுமதிச்சவை, கொரோனா நேரம் நீங்களும் பேப்பரில அந்தப் பேரை எழுதியிருப்பீங்க. சில்டுக்சிமாப் வைரஸ் செய்யுற போலியைப் பிடிக்காது, அதால அந்த மருந்தைச் சோதிக்கேக்கயே எச்எச்வி-8 இருக்கிற ஆக்களையும் எச்ஐவி இருக்கிற ஆக்களையும் சேர்க்கேல்ல. வைரஸ் இருக்கிற வகைக்கு வேற பாதை, ரிட்டுக்சிமாப் குடுத்து வைரஸ் ஒளிச்சிருக்கிற பி செல்லையே துடைக்கிறது, ஆள் கடுமையா விழுந்திருந்தா எட்டோபொசைட் எண்ட கான்சர் மருந்தும் சேர்த்து. இந்த மருந்து வர முந்தி, 90களில, எச்ஐவியோட இந்த வருத்தமும் வந்த ஆக்கள் அனேகமா ஒண்டு ரெண்டு வருசம்தான், இப்ப லண்டன் டொக்டர்மார் எழுதின கணக்கில ரிட்டுக்சிமாப் எடுத்தவையில பத்துக்கு ஒன்பது பேர் அஞ்சு வருசம் தாண்டியும் இருக்கினம். ஒரே பேருள்ள வருத்தம், ஒரே மாதிரிக் காய்ச்சல், மருந்து மட்டும் முழுசா வேற. பிழையான பக்கத்தில மருந்தைத் தொடங்கினா காசும் போய் ஆளும் போகும்.

ரிட்டுக்சிமாபுக்கு முதல் மஞ்சக்காமாலை பி வைரஸ் டெஸ்ட் கட்டாயம், உடம்பில ஒளிச்சிருந்தா அது இந்த மருந்தோட கிளம்பி ஈரலைக் கெடுக்கும். ஆளுக்குக் கபோசி கட்டியும் இருந்தா அது இந்த மருந்தோட பெருக்கலாம், அதையும் பாத்துத்தான் குடுப்பினம். 2023ல தரமில்லாத இமியூனோகுளோபுலின் ஊசி விசயம் வெளியில வந்ததில இருந்து சனம் ஊசி மருந்து எண்டாலே பயந்துபோய் நாட்டு வைத்தியத்துக்கு ஓடுதுகள், அந்தப் பயத்தை நான் பிழை சொல்லமாட்டன், ஆனா அதுக்கு விடை லேபிளையும் பட்ச் நம்பரையும் கேட்டுப் பாக்கிறது, மருந்தே வேண்டாம் எண்டு இருக்கிறது இல்ல.

இன்னொண்டு, இரத்தத்தில ஓடுற செல்லுகளுக்குள்ள எவ்வளவு வைரஸ் இருக்குது எண்டு பிசிஆர் போட்டு எண்ணலாம். 1997லயே பிரான்சில காட்டினவை, வருத்தம் கிளம்புற நேரம் இந்த எண்ணிக்கை எகிறும், அடங்கின நேரம் விழும் எண்டு. அதால வைரஸ் வகை எண்டு தெரிஞ்ச ஆளுக்கு பிறகு ஒரு காய்ச்சல் வந்தா அது காசில்மன் திரும்பினதோ, சும்மா சளிக் காய்ச்சலோ, எங்கட டெங்குவோ எண்டு பிரிக்க அது ஒரு நல்ல கைகாவல். சிஆர்பியும் சேர்த்துப் பாத்தா இன்னும் நல்லது. நெறியில ஸ்டெயின் போடாமல் இரத்தத்தை மட்டும் பாத்து முடிவெடுக்கிறது எனக்கு விருப்பம் இல்ல, அது ஒரு பழைய லாப்காரியின்ட பிடிவாதம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

எச்ஐவி டெஸ்ட் பற்றியும் சொல்லத்தான் வேணும், உங்கட கட்டுரை அதில கை வைக்கவே இல்ல, பயந்திட்டீங்க போல. காசில்மன் எண்டு சந்தேகம் வந்த எந்த ஆளுக்கும் அந்த டெஸ்ட் எடுக்கிறது உலகம் முழுக்க வழமை. டொக்டர் அதைக் கேட்டா அவர் உங்கட நடத்தையில சந்தேகப்படேல்ல, மருந்தைத் தெரிவு செய்யுறார். எச்ஐவி இல்லாத ஆக்களுக்கும் எச்எச்வி-8 காசில்மன் வருது, அதால டெஸ்ட் நெகட்டிவ் எண்டு வந்தாலும் வைரஸ் ஸ்டெயின் தேவைதான். கொழும்பு 10ல டி சேரம் பிளேசில இருக்கிற அரசாங்க கிளினிக்கில இலவசமா, பேர் வெளியில போகாமல் செய்யினம். எங்கட ஆக்கள் உறவுக்காரர் கண்டிடுவினம் எண்டு அந்த ரோட்டாலயே போகாயினம், வெள்ளவத்தையில எந்த லாபுக்குள்ள போனாலும் ரெண்டு தெரிஞ்ச முகம் இருக்கும், அங்க போறதை விட டி சேரம் பிளேஸ் எவ்வளவோ மேல்.

இனி ஆசிரியரிட்ட நேரக் கேக்கிறது. அந்தப் படமும் பெட்டியும் பிழை எண்டு அதே பக்கத்தில, அதே அளவு எழுத்தில, அடுத்த கிழமையே போடுங்கோ, பதினெட்டாம் பக்கத்து மூலையில வருந்துகிறோம் எண்டு ரெண்டு வரி போட்டா அது எங்கட தொடர்மாடி வாட்ஸ்அப் குறூப்புக்கு வந்து சேராது. வைரஸ் இல்லாத வகையும் இருக்குது, இருக்கிற வகையும் சும்மா பக்கத்தில இருக்கிறதால தொத்தாது எண்ட ரெண்டும் தலைப்பிலயே இருக்க வேணும். ஏலுமெண்டா இரத்த வருத்தம் பாக்கிற ஹெமட்டொலொஜிஸ்ட் ஒராளிட்டயும் பதோலொஜிஸ்ட் ஒராளிட்டயும் கேட்டு முழுக் கட்டுரை ஒண்டு போடுங்கோ, லானா ஸ்டெயின் எங்க போடலாம், பிளொக்கை, அதாவது நெறி பதிச்ச மெழுகுக் கட்டியை, எப்பிடி அனுப்புறது எண்டு அவைக்குத்தான் இண்டைய நிலவரம் தெரியும். இங்கிலிஷில இணையத்தில எல்லாம் கிடக்குது, எங்கட சனத்தில கனபேர் வாசிக்கிறது உங்கட பேப்பரைத்தான்.

வாசகர்களுக்கும் ஒரு விசயம். நெறி வெட்டின ஆக்கள் றிப்போட்டில மேல் மூலையில இருக்கிற லாப் நம்பரை எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ. உங்கட நெறி மெழுகுக் கட்டியா அந்த நம்பரில லாப்ல இருக்கும், கனவருசம் கெடாது, முந்தி "ரியாக்டிவ்" எண்டு எழுதினதா இருந்தாலும் அதில இருந்து திரும்பவும் சீவி புது ஸ்டெயின் போடலாம், இன்னொரு வெட்டுத் தேவையில்ல. டொக்டரின்ட கடிதத்தோட போய்க் கேட்டா கையெழுத்து வாங்கிக்கொண்டு பிளொக்கைத் தருவினம். வெயிலில கார் டாஷ்போட்டில வைச்சிட்டுப் போயிடாதேங்கோ, மெழுகு உருகிடும்.

இப்படிக்கு,
பென்சன் எடுத்த லாப்காரி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.